எஸ்சிஎல்எம் கட்டளைகளில் பொதுப் பாராமீட்டர்கள்: ஒவ்வொரு வரியிலும் திரும்ப எழுதத்தான் வேண்டுமா?

டிசம்பர் 26, இரவு. பாலக்காடு பக்கம் வேலந்தாவளத்திலிருந்து வந்த கேள்வி

"மெயின்ஃப்ரேமுக்கு நான் புதுசு. சோர்ஸ் கோடின் பதிப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஐபிஎம் கருவியான எஸ்சிஎல்எம்மில் பில்ட் (கம்பைல் செய்து கட்டுவது), ப்ரமோட் (அடுத்த குரூப்புக்கு ஏற்றுவது), லாக், அன்லாக் என்று எதைத் தொட்டாலும் ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட் டெஃபனிஷன், குரூப், டைப், மெம்பர் என்று அதே ஐந்தைக் கேட்கிறது. ஸ்கிரிப்டில் முப்பது வரி இருந்தால் முப்பதிலும் அதே பல்லவி. ப்ராஜெக்ட் டெஃபனிஷனைக் காலி விட்டாலும் ஓடத்தான் செய்கிறது. அப்புறம் எதற்கு நிரப்ப வேண்டும்? மேனுவலிலும் பொதுப் பாராமீட்டர்கள் என்று அரைப் பக்கம் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

டிசம்பர் 26, இரவு 11.40

காலி விட்டாலும் ஓடுகிறது, அதுதான் தொல்லையே. நிரப்புங்கள்.

விவரம் காலையில் எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறையில் கிழக்குக் காற்று பிடுங்கி எடுக்கிறது, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. யுபிஎஸ்ஸை நம்பி ஷிப்ட் ஓடுகிறது.

டிசம்பர் 27, காலை

அந்த ஐந்தில் நான்கு விலாசம். ஒன்று மட்டும் விலாசம் இல்லை. அதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ப்ராஜெக்ட், குரூப், டைப், மெம்பர் நான்கும் ஒரு சோர்ஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்பவை. யாரும் மாற்றி வைக்காத வரைக்கும் டேட்டாசெட் (மெயின்ஃப்ரேம் கோப்பு) பெயரே ப்ராஜெக்ட், புள்ளி, குரூப், புள்ளி, டைப் என்றுதான் இருக்கும். அதற்குள்ளே மெம்பர். ஒவ்வொன்றும் எட்டு எழுத்துக்குள். நம் பக்கம் பத்திரம் எழுதும்போது தாலுக்கா, வில்லேஜ், பிளாக், சர்வே நம்பர் என்று இறங்கி வருகிறோமே, அதே இறக்கம். வில்லேஜை விட்டுவிட்டு சர்வே நம்பரை மட்டும் சொன்னால் எருத்தேம்பதியிலும் அந்த நம்பர் இருக்கும், வடகரப்பதியிலும் இருக்கும். அதேபோல பேரோல் புரோகிராம் டெவ் குரூப்பிலும் இருக்கும், டெஸ்ட்டிலும் இருக்கும், ப்ராடக்‌ஷனிலும் இருக்கும், மூன்றும் வேறு வேறு பதிப்பாக. எதை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதில் எதையும் சும்மா விட்டால் பெரும்பாலும் எரர் வந்து காப்பாற்றிவிடும்.

ஐந்தாவது, ப்ராஜெக்ட் டெஃபனிஷன், அப்படி இல்லை. அது அசெம்பிளர் மேக்ரோவில் எழுதி, அசெம்பிள் செய்து, லிங்க் செய்து, ப்ராஜெக்டின் ப்ராஜ்டெஃப்ஸ் லோடு லைப்ரரியில் வைத்த ஒரு லோட் மாட்யூல், அதாவது ஓடத் தயாரான வடிவம். எந்தெந்த குரூப் உண்டு, எது எதற்கு மேலே, எந்தெந்த டைப் உண்டு, கோபோல் என்றால் எந்த கம்பைலர், என்ன ஆப்ஷனோடு கூப்பிட வேண்டும், எது எப்போது மாறியது என்று எழுதி வைக்கும் கணக்குக் கோப்பு எது, இவ்வளவும் அதற்குள் இருக்கிறது. ஒரே ப்ராஜெக்டுக்கு இப்படி ஒன்றுக்கு மேலும் வைக்கலாம். நீங்கள் காலி விட்டால் ப்ராஜெக்ட் பெயரிலேயே இருக்கும் மாட்யூலை எடுத்துக்கொள்ளும்.

எரர் வராது. வார்னிங்கும் வராது.

டிசம்பர் 27, மதியம்

"இரண்டு டெஃபனிஷன் எதற்கு அக்கா, ஒன்று போதாதா?" என்று ஒழலப்பதியிலிருந்து ஒரு தம்பி.

போதும், ஊர் நல்ல ஊராக இருந்தால். கம்பைலர் புதுப் பதிப்புக்கு மாறும் காலத்தில் பழையதை ஒரு டெஃபனிஷனிலும் புதியதை இன்னொன்றிலும் வைத்து ஓட்டுவார்கள். அவசரத் திருத்தத்துக்குத் தனிப் பாதை வைப்பவர்கள் உண்டு. மாறி முடிந்த பிறகு பழையதை யாரும் அழிப்பதில்லை. அழிக்க ஒரு சேஞ்ச் ரிக்வெஸ்ட் வேண்டும், அதற்கு ஒரு மேனேஜர் கையெழுத்து வேண்டும், அந்த மேனேஜர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

டிசம்பர் 28, இரவு

கேட்டதால் சொல்கிறேன். இது முன்பு நான் இருந்த ஒரு டீமில் நடந்தது, கிளையண்ட் ஒரு வங்கி, பெயர் வேண்டாம்.

அங்கே ப்ராஜெக்ட் பெயரிலேயே இருந்த டெஃபனிஷன் பழையது. எல்லோரும் பயன்படுத்தியது இன்னொரு பெயரில் இருந்த புதியது. திரையில் வேலை செய்யும்போது அந்தப் பெயர் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், யாரும் கவனிப்பதே இல்லை. ஒரு நாள் பேட்ச் (திரை முன் ஆள் இல்லாமல் ஓடும்) வேலைக்காக ஒருவர், எஸ்சிஎல்எம்முக்கு ஒரே வரியில் கட்டளை கொடுக்கும் எஃப்எல்எம்சிஎம்டி வைத்து, மெயின்ஃப்ரேமின் ஸ்கிரிப்ட் மொழியான ரெக்ஸில் ஸ்கிரிப்ட் எழுதினார். கட்டளை இப்படி இருந்தது:

பில்ட்,பேங்க்1,,டெஸ்ட்,கோபோல்,ஐஎன்டி042

பேங்க்1-க்கு அப்புறம் இரண்டு கமா ஒட்டிக்கொண்டு நிற்கிறது பாருங்கள். மெயின்ஃப்ரேமில் ஜாப் ஓட்ட எழுதும் ஜேசிஎல்லில் ஊறியவர்களுக்கு இது கண்ணில் உறுத்தாது. பொசிஷனல் பாராமீட்டர் (எத்தனையாவது இடம் என்பதை வைத்து அறிவது) வேண்டாம் என்றால் கமாவை மட்டும் விட்டுவிட்டுப் போவது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

பில்ட் ஓடியது. ரிட்டன் கோட் 0, அதாவது கோளாறு இல்லை. ப்ரமோட்டும் 0. பிறகு ராத்திரி ஜாப் ஓடி, காலையில் ரிப்போர்ட் வந்தது. அடியில் மொத்த ரெக்கார்ட் எண்ணிக்கை 2,417 என்று இருந்தது. ஃபைலில் இருந்ததோ 12,417. தொகை எல்லாம் சரி, எண்ணிக்கை மட்டும் பத்தாயிரம் குறைகிறது. டேட்டாவைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டார்கள். அரை நாள் அதில் போனது.

விஷயம் ட்ரங்க் ஆப்ஷன், பைனரி எண்ணை எந்த அளவில் வெட்டுவது என்று கோபோல் கம்பைலருக்குச் சொல்வது. அந்தக் கவுண்டர் எஸ்9, அடைப்புக்குள் 4, காம்ப், அதாவது நாலு இலக்கம் என்று அறிவித்த பைனரி எண். பைனரி அரைச் சொல், அதனால் 32,767 வரை இடம் இருக்கிறது. புதிய டெஃபனிஷனில் ட்ரங்க் பின் என்று கம்பைல் ஆகும், அந்த இடம் முழுவதும் கிடைக்கும். பழையதில் ட்ரங்க் எஸ்டிடி. பிக்சர், அதாவது அறிவித்த வடிவம், நாலு இலக்கம் என்று சொன்னால் நாலு இலக்கம்தான், 9999-க்கு மேல் ஒன்று கூட்டினால் பூஜ்யம். புரோகிராமில் அந்தக் கவுண்டரைத் தொடும் வரி ஒன்றுகூட மாறவில்லை. இரண்டு கமாவுக்கு நடுவில் ஒன்றும் எழுதாததால் கம்பைலர் ஆப்ஷன் மாறிவிட்டது.

இதற்கு மேலே ஒரு கூத்து இருக்கிறது, அதை நாளை.

டிசம்பர் 29

அந்தக் கூத்து. காரணம் தெரிந்ததும் டெஃபனிஷன் பெயரைச் சரியாகப் போட்டு மறுபடி பில்ட் கொடுத்தார்கள். ரிட்டன் கோட் 0. ஆனால் லோட் மாட்யூல் பழையதேதான், தேதிகூட மாறவில்லை.

பில்டுக்கு மோட் என்று ஒரு பாராமீட்டர் உண்டு. காலி விட்டால் சி, அதாவது கண்டிஷனல். கண்டிஷனல் என்றால் எஸ்சிஎல்எம் தன் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும், மாறியது எதுவோ அதை மட்டும் கட்டும். சோர்ஸ் மாறவில்லை. லாங்குவேஜ் டெஃபனிஷனில் வெர்ஷன் என்று ஒரு மதிப்பு இருக்கிறது, அது மாறியிருந்தால் சோர்ஸ் மாறாவிட்டாலும் மறுபடி கட்டும். இரண்டு டெஃபனிஷனிலும் காப்பி அடித்த அதே வெர்ஷன். கணக்குக் கோப்பும் இரண்டுக்கும் பொது. ஆகவே அதன் பார்வையில் எல்லாம் புத்தம் புதிதாக இருக்கிறது, செய்ய ஒன்றும் இல்லை. எஃப் போட்டு, ஃபோர்ஸ்ட் மோடில் ஓட்டிய பிறகுதான் சரியானது.

முதல் தடவை சிக்கலில் மாட்டிவிட்டதும் ஒரு காலி இடம். இரண்டாம் தடவை சரிசெய்ய விடாமல் தடுத்ததும் ஒரு காலி இடம்.

டிசம்பர் 30

"ஒரே தடவை சொல்லிவிட்டு எல்லாவற்றுக்கும் பயன்படுத்த வழியே இல்லையா?" என்று வேலந்தாவளத்தார் மறுபடி.

இருக்கிறது, எஃப்எல்எம்சிஎம்டியில் இல்லை. அது ஒவ்வொரு கட்டளையையும் தனி ஆளாகப் பார்க்கிறது, முந்தின வரி அதற்கு நினைவில் இல்லை. கோபோல், பிஎல்1 மாதிரி புரோகிராமிலிருந்து எஃப்எல்எம்லிங்க்-ஐக் கூப்பிட்டால் கதை வேறு. முதலில் ஸ்டார்ட், அது ஒரு அப்ளிகேஷன் ஐடி தரும். பிறகு இனிட், அதற்கு ப்ராஜெக்டையும் டெஃபனிஷனையும் கொடுத்தால் எஸ்சிஎல்எம் ஐடி ஒன்று தரும். லாக், ஸ்டோர் போன்ற சேவைகளுக்கு அதற்கப்புறம் அந்த ஐடியும் குரூப், டைப், மெம்பரும் போதும். கடைசியில் ஃப்ரீ, எண்ட்.

எனக்கு இது பிடிக்கும். டெஃபனிஷன் எது என்பது ஒரே இடத்தில் முடிவாகிவிடுகிறது, நடுவில் யாரும் மாற்ற முடியாது.

கோபோல் ஆட்களுக்கு மட்டும்: பாராமீட்டர் எட்டு எழுத்து என்றால் மீதியை ஸ்பேஸ் போட்டு நிரப்ப வேண்டும். ஒர்க்கிங் ஸ்டோரேஜில் லோ வேல்யூஸ் (எல்லா பிட்டும் பூஜ்யம்) போட்டு வைத்திருந்தால் திரையில் இரண்டும் ஒரே மாதிரி காலியாகத் தெரியும். எஸ்சிஎல்எம்முக்கு ஸ்பேஸ்தான் காலி. லோ வேல்யூஸ் ஒரு பெயர், அதுவும் விளங்காத பெயர்.

ஜனவரி 1

புத்தாண்டு வாழ்த்து சொன்னவர்களுக்கு நன்றி. இல்லை, லீவு இல்லை. இயர் எண்ட் ஃப்ரீஸ், அதாவது வருஷக் கடைசியில் எதையும் மாற்றக் கூடாது என்ற தடை, இன்னும் எடுக்கவில்லை, ஆகவே செய்ய வேலையும் இல்லை. காவல் இருப்பதற்குப் பெயர் ஷிப்ட்.

ஜனவரி 3

ரெக்ஸ் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பொதுப் பாராமீட்டர்கள் மிக அதிகமாகச் சாவது அங்கேதான்.

ரெக்ஸில் மதிப்பே கொடுக்காத வேரியபிளுக்கும் ஒரு மதிப்பு உண்டு: அதன் சொந்தப் பெயர், பெரிய எழுத்தில். ஜிஆர்பி என்ற வேரியபிளுக்கு ஒன்றும் கொடுக்காமல் குரூப் இடத்தில் வைத்தால் கட்டளையில் ஜிஆர்பி என்றே போய் நிற்கும். மூன்று எழுத்து, முதல் எழுத்து எண் இல்லை. உருவத்தைப் பார்த்தால் குறை சொல்ல முடியாத குரூப் பெயர். அப்படி ஒரு குரூப் ப்ராஜெக்டில் இல்லை என்று எரர் வரும், வந்தால் நல்ல காலம்.

நான் பார்த்ததில் ரசித்தது இது. பழைய ஸ்கிரிப்ட் ஒன்றில் குரூப் இடத்தில் டெஸ்ட் என்று ஒரு வேரியபிள். கோட் முழுக்கத் தேடியும் அதற்கு எங்கேயும் மதிப்புக் கொடுக்கவே இல்லை. எழுதியவர் மேற்கோள் குறியைப் போட மறந்திருக்கிறார், அவ்வளவுதான். வேரியபிளுக்கு மதிப்பு இல்லாததால் அதன் மதிப்பு டெஸ்ட், குரூப்பின் பெயரும் டெஸ்ட், வருஷக்கணக்காகச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு புண்ணியவான் சோதனை ஓட்டத்துக்காக மேலே டெஸ்ட் சமம் 1 என்று ஒரு வரி சேர்த்தார். அன்று முதல் எஸ்சிஎல்எம் 1 என்ற குரூப்பைத் தேட ஆரம்பித்தது.

ஸ்கிரிப்ட் மேலே சிக்னல் ஆன் நோவேல்யூ என்று ஒரு வரி போடுங்கள். மதிப்பில்லாத வேரியபிளைத் தொட்ட இடத்திலேயே நின்றுவிடும்.

அதோடு இன்னொன்று: ஆர்சி. ஹோஸ்ட் கட்டளை ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்த வேரியபிளின் மேலேயே எழுதிவிட்டுப் போகும். பில்டுக்கு அடுத்து டேட்டாசெட்டை விடுவிக்க ஒரு ஃப்ரீ கட்டளை போட்டுவிட்டு அதற்கப்புறம் ஆர்சியைப் பார்த்தால், நீங்கள் பார்ப்பது ஃப்ரீயின் விதி. பில்ட் முடிந்த அடுத்த வரியிலேயே வேறு பெயரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 5

எஸ்சிஎல்எம் செய்யும் வேலையையே செய்யும் எண்டெவர் என்ற இன்னொரு கருவியின் ஆள் ஒருவர் மீனாட்சிபுரத்திலிருந்து வந்து, "இதெல்லாம் எஸ்சிஎல்எம் ஆட்களின் பாடு. எண்டெவருக்கு வாருங்கள், செட் போட்டுவிட்டால் ஒரு தடவைதான்" என்கிறார்.

எண்டெவரிலும் வேலை பார்த்திருக்கிறேன் சார், அதனால்தான் சொல்கிறேன். அங்கே விலாசம் இன்னும் இரண்டு படி நீளம்: என்விரான்மெண்ட், ஸ்டேஜ், சிஸ்டம், சப்சிஸ்டம், டைப், எலிமெண்ட். எழுதும் முறை நல்ல முறை, மறுக்கவில்லை. கமா எண்ண வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது, எந்த வரிசையில் எழுதினாலும் ஏற்கும், முடிவில் ஒரு புள்ளி. செட் ஃப்ரம் என்று விலாசத்தையும், செட் ஆப்ஷன்ஸ் என்று சிசிஐடியையும் (மாற்றத்தின் அடையாளக் குறி) கமெண்ட்டையும் ஒரு தடவை சொல்லிவிட்டால் கீழே வரும் ஜெனரேட், மூவ் எல்லாம் அதையே எடுத்துக்கொள்ளும். ஒரு வரியில் மட்டும் மாற்ற வேண்டுமென்றால் அந்த வரியிலேயே எழுதலாம், அது அந்த வரியோடு சரி.

சிக்கல் என்னவென்றால், செட் எப்போது முடிகிறது? அடுத்த செட் வரும் வரை, அல்லது க்ளியர் போடும் வரை. அதாவது ஒரு வரியின் அர்த்தம் அந்த வரியில் இல்லை, மேலே எங்கேயோ இருக்கிறது. எண்டெவர் கட்டளைகள் எழுதிய இருநூறு வரி எஸ்சிஎல் ஃபைலில் நடுவிலிருந்து பத்து வரியை வெட்டி வேறு இடத்தில் ஒட்டினால், ஒட்டிய இடத்துக்கு மேலே உள்ள செட்தான் அந்தப் பத்துக்கும் எஜமான். எலிமெண்ட் பெயர் இரண்டு சப்சிஸ்டத்திலும் இருந்தால் சத்தமே இல்லாமல் வேறு ஒன்று நகரும். எலிமெண்ட் இடத்தில் எல்லாம் என்று அர்த்தப்படும் நட்சத்திரக் குறி போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

எஸ்சிஎல்எம்மில் காலி இடத்தை நிரப்புவது ப்ராஜெக்ட் டெஃபனிஷன். எண்டெவரில் காலி இடத்தை நிரப்புவது மேலே இருக்கும் ஏதோ ஒரு வரி. எழுதியவர் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் நிரப்புகிறார் என்பதில் வித்தியாசமே இல்லை.

ஜனவரி 6

மீனாட்சிபுரத்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபப்படாதீர்கள், நானும் செட் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு தொகுதிக்கும் மேலே புதிதாகச் செட் எழுதுங்கள், மேலே இருப்பதையே திரும்ப எழுதினாலும் பரவாயில்லை. கை வலிக்காது.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு நல்ல குணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் குறை மட்டுமே சொல்கிறேன் என்பீர்கள். எஸ்சிஎல்எம் ப்ரமோட்டில் எங்கிருந்து என்று மட்டும்தான் கேட்கிறது, எங்கே என்று கேட்பதே இல்லை. அடுத்த குரூப் எது என்று படிவரிசைக்குத் தெரியும். எண்டெவர் மூவும் அப்படித்தான், மேப் எங்கே காட்டுகிறதோ அங்கே போகும். இருபக்கமும் விலாசம் கேட்பது ட்ரான்ஸ்ஃபர். ப்ரமோட்டிலும் மூவிலும் அந்த விடுபட்ட பாராமீட்டர் நமக்குக் காவல். டெவ்விலிருந்து நேரே ப்ராடக்‌ஷனுக்குத் தூக்கிப் போட ஆசைப்பட்டாலும் எழுத இடமே இல்லை.

ஆக, காலி இடம் எல்லாமே கெட்டது என்று நான் முதலில் எழுதிய தொனியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன். எழுத முடியாத இடம் வேறு, எழுதாமல் விட்ட இடம் வேறு.

ஜனவரி 8

கோவையில் வேலை, தினமும் வாளையார் தாண்டிப் போய்வருகிற தம்பி ஒருவர் எழுதுகிறார்: அவர் டீமில் யாரும் பச்சைத் திரையை, அதாவது மெயின்ஃப்ரேமின் பழைய டெர்மினலை, தொடுவதே இல்லையாம், எல்லாம் சோவே (நம் கணினியிலிருந்தே மெயின்ஃப்ரேமை இயக்கும் கருவி) கட்டளை வரியிலிருந்துதானாம். "என்விரான்மெண்ட், சிஸ்டம் எல்லாம் ப்ரொஃபைலில் இருக்கிறது அக்கா, நான் எலிமெண்ட் பெயர் மட்டும் கொடுக்கிறேன்."

சோவே 2018-ல் வந்த போது நானும் இதைத்தான் விரும்பினேன். எண்டெவர் ப்ளக்-இன்னில் லொகேஷன் ப்ரொஃபைல் என்றே ஒன்று இருக்கிறது. என்விரான்மெண்ட், ஸ்டேஜ் நம்பர், சிஸ்டம், சப்சிஸ்டம், டைப், சிசிஐடி, கமெண்ட், எல்லாப் பொதுச் சங்கதியும் அதற்குள். வேலந்தாவளத்தார் கேட்ட "ஒரே தடவை" இதுதான். கோப்பாக இருக்கிறது, திறந்து படிக்கலாம், கிட் ரெப்போவில் போட்டு யார் மாற்றினார் என்று பார்க்கலாம். எஃப்எல்எம்லிங்க் இனிட்டைவிடவும் நல்லது.

ஆனால் முன்னுரிமை வரிசையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கட்டளை வரியில் எழுதியது முதலில். அடுத்தது என்விரான்மெண்ட் வேரியபிள், எண்டெவரின் என்விரான்மெண்ட் அல்ல, மெஷினில் போட்டு வைப்பது. அதற்கு அடுத்துதான் ப்ரொஃபைல். கடைசியில் டீஃபால்ட். இரண்டாம் இடத்தைக் கவனியுங்கள். வேலையைத் தானாக ஓட்டும் பைப்லைன் இருக்கும் மெஷினில் எவரோ சோவே ஆப்ட் என்று தொடங்கும் வேரியபிள் ஒன்றை எப்போதோ போட்டு வைத்திருந்தால், உங்கள் ப்ரொஃபைல் எவ்வளவு அழகாக இருந்தாலும் தோற்கும். உங்கள் லேப்டாப்பில் சரியாக ஓடும், அங்கே வேறு சப்சிஸ்டத்தில் போய் நிற்கும். பைப்லைனின் முதல் படியில் அந்தப் பெயரில் தொடங்கும் வேரியபிள்களை லாகில், அதாவது ஓட்டப் பதிவில், அச்சடித்துவிடுங்கள், பாஸ்வேர்ட் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டு.

(வாளையார் பக்கம் போன் டவர் கேரளா, தமிழ்நாடு என்று மாறி மாறிக் குதிக்கும்போது விபிஎன் அறுந்து போகிறது என்றும் எழுதியிருக்கிறார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. வாளையார் தாண்டியதும் கனெக்ட் பண்ணுங்கள்.)

ஜனவரி 9

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "முதலில் எல்லா வரியிலும் நிரப்பச் சொன்னீர்கள், இப்போது ப்ரொஃபைலில் வைக்கச் சொல்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம்.

எனக்கு வேண்டியது, மதிப்பு எங்கிருந்து வந்தது என்று ஓடி முடிந்த பிறகு லாகைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். ஒவ்வொரு வரியிலும் எழுதினால் அது தானாக நடக்கிறது. ப்ரொஃபைலில் வைத்தால், ஓடும் முன் கடைசியாக நின்ற மதிப்பு ஆறையும் ஒரு வரியில் அச்சடித்துவிட்டு ஓடவிட வேண்டும். இரண்டில் எதுவானாலும் சரி. அந்த வங்கிக் கதையில் ஒரே ஒரு வரி, இன்ன டெஃபனிஷன் பயன்படுத்தினேன் என்று லாகில் இருந்திருந்தால் அரை நாள் டேட்டாவைத் துழாவியிருக்க மாட்டார்கள்.

ஜனவரி 12

நாட்டுக்கல்காரர் எஸ்சிஎல்எம் டெவலப்பர் டூல்கிட்டின் எக்ஸ்எம்எல் வழியைக் கேட்டார். அங்கே கமா தொல்லை ஒழிந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக். ப்ராஜெக்ட், ப்ராஜ்டெஃப், குரூப், டைப், மெம்பர் எல்லாம் அதே பழைய முகங்கள். எஸ்சிஎல்எம்ஃபங்க் என்ற டேக்கில் பில்டா ப்ரமோட்டா என்று சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தவை சர்வீஸ், செஷன், இஸ்ப்ப்ராஃப்.

அந்தக் கடைசியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது, மெயின்ஃப்ரேம் திரைகளை நடத்தும் ஐஎஸ்பிஎஃப்பின் ப்ரொஃபைல் டேட்டாசெட்டின் பெயர். பார்த்தால் சம்பிரதாயத்துக்குக் கேட்பது போல இருக்கும், எல்லோரும் ஒரே பெயரைக் காப்பி அடித்துவிடுவார்கள். ஒரு கோரிக்கை ஓடும் வரை ஒன்றும் தெரியாது. ஒரே நேரத்தில் நாலு பில்ட் விட்டீர்கள் என்றால் நாலும் அதே ப்ரொஃபைலுக்கு முட்டிக்கொள்ளும், ஐஎஸ்பிஎஃப் அதைப் பூட்டி வைத்துத்தான் எழுதும். எது ஜெயிக்கிறது என்பது அன்றைய அதிர்ஷ்டம். இணையாக ஓட்டுவதாக இருந்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித் தனி ப்ரொஃபைல் கொடுங்கள். பேட்ச் ஜாபில் என்றால் தற்காலிக டேட்டாசெட் போதும்.

ஜனவரி 15

இன்று பொங்கல். பாலக்காடு உட்பட ஆறு எல்லை மாவட்டங்களுக்கு அரசு உள்ளூர் விடுமுறை கொடுக்கிறது, பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் வீட்டில். என் கிளையண்ட் காலண்டரில் அப்படி ஒரு நாளே கிடையாது. பொங்கல் பொங்கும் நேரம் ஸ்டேட்டஸ் கால். மியூட்டில் வைத்துக் குலவை போட்டோம்.

வந்ததற்கு ஒரு பதிலாவது: ஸ்கோப் (எவ்வளவு தூரம் தொட வேண்டும் என்பது), மோட் இரண்டும் பொதுப் பாராமீட்டரா என்று ஒழலப்பதித் தம்பி கேட்டார். இல்லை. பில்டிலும் ப்ரமோட்டிலும் அதே பெயரில் வருவதால் பொது என்று தோன்றுகிறது. பில்ட் மோடில் சி, எஃப், ஆர், யூ நாலும் உண்டு. ப்ரமோட்டில் எஃப் கிடையாது. பில்ட் வரியைக் காப்பி அடித்து ப்ரமோட் ஆக்கினால் அங்கே உதைக்கும். யூ என்பது இரண்டிலும் இருந்தாலும் தைரியம் ஒன்றல்ல: பில்டில், ஒரு மெம்பர் விழுந்தாலும் மற்றவற்றைக் கட்டிக்கொண்டே போ என்பது. ப்ரமோட்டில், சரிபார்ப்பில் குறை இருந்தாலும் மேலே ஏற்று என்பது. இரண்டாவதை நான் யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

ஆர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துங்கள். எதைத் தொடுவேன் என்று சொல்லும், தொடாது. புது ஸ்கிரிப்ட் எதையும் முதலில் ஆர் மோடில் ஓட்டி அந்த ரிப்போர்ட்டை வாசிக்காமல் நான் விடுவதில்லை.

ஜனவரி 18

மீனாட்சிபுரத்தார் திரும்பி வந்தார், நல்ல மனநிலையில். எண்டெவர் வெப் சர்வீஸில் எலிமெண்ட் ஒன்று இல்லை என்று சொல்கிறதாம், பச்சைத் திரையில் கண்ணெதிரே இருக்கிறதாம். பெயரைக் கேட்டேன். நடுவில் ஒரு ஹேஷ் (#).

சார், அந்த வெப் சர்வீஸ் பேசும் ரெஸ்ட் முறையில் நம் விலாசம் முழுவதும் யூஆர்எல் பாதைக்குள் போய்விட்டது. என்விரான்மெண்ட், ஸ்டேஜ், சிஸ்டம், சப்சிஸ்டம், டைப், எலிமெண்ட் என்று சாய்கோடு போட்டு வரிசையாக. வரிசை முக்கியம் என்ற பழைய காலத்துக்கே வந்துவிட்டோம், கமாவுக்குப் பதில் சாய்கோடு. மெயின்ஃப்ரேம் பெயரில் டாலர், அட், ஹேஷ் மூன்றும் சாதாரணமாக வரும். யூஆர்எல்லில் ஹேஷ் வந்தால் அதற்குப் பின்னால் உள்ளது சர்வருக்குப் போகவே போகாது. பிஏஒய்ஹேஷ்01 என்று நீங்கள் கேட்டது அங்கே பிஏஒய் என்றுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. உங்களிடம் பிஏஒய் என்ற எலிமெண்ட் இல்லாததால் தப்பித்தீர்கள், இருந்திருந்தால் அதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கும். ஹேஷ் இருக்கும் இடத்தில் சதவீதக் குறி போட்டு 23 என்று எழுதுங்கள். கையால் செய்யாமல், பெயரைப் பாதையில் வைக்கும் முன் லைப்ரரியில் இருக்கும் என்கோட் ஃபங்ஷனில் விட்டு எடுங்கள்.

டாலர் இருக்கும் பெயர்களுக்கு இது போதாது, கிளையண்ட் எந்த நாடு என்பதையும் பாருங்கள். மெயின்ஃப்ரேமில் எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் அட்டவணையான எப்சிடிக் கோட் பேஜ் 037-லும் 1047-லும் டாலர் இருப்பது ஹெக்ஸ் 5பி-யில். பிரிட்டன்காரர்களின் 285-ல் அதே இடத்தில் பவுண்டு குறி உட்கார்ந்திருக்கிறது, டாலர் 4ஏ-க்குப் போய்விட்டது. உங்கள் கிளையண்ட் லண்டன் என்று முன்பு சொன்ன ஞாபகம். அப்படியானால் எலிமெண்ட் பட்டியலை ஒரு தடவை இறக்கி, பவுண்டு குறியோடு எத்தனை பெயர் வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.